இன்று ஆஃப் டே

மாலை ஆறு மணி ஆனால் போதும், என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு இரும்புக் கதவருகே நின்றுவிடுவார். "நைட் ஷிப்ட், நேரமாச்சு." சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறை வேலையை அவர் விட்டுப் பதினோரு வருடமாகிறது. மறதி நோயில் பொழுது சாயும்போது பதற்றம் கூடுவது சகஜம், சன்டவுனிங் என்பார்கள். அது தெரியாமல் "ஏதுங்க வேலை இப்போ?" என்று தினமும் மல்லுக்கட்டினேன். ஒருநாள் நான் குளிக்கப்போன நேரத்தில் கீழே இறங்கிவிட்டார். புளோக்கின் கீழ்த்தளத்தில் திறந்தவெளியாக இருக்கும் வாய்ட் டெக்கில் உட்கார்ந்திருந்தவரைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக்தான் கைபிடித்து அழைத்து வந்தார்.

அப்புறம்தான் வழியை மாற்றினேன். இங்கே இருட்ட ஏழு மணியாகும். நான் ஐந்தரைக்கே எல்லா விளக்கையும் போட்டுத் திரைச்சீலையை இழுத்துவிடுகிறேன். கதவை மறைத்துச் சுவர் நிறத்தில் ஒரு துணி. சாவி என் இடுப்பில். சட்டைப் பையில் என் கைபேசி எண். (வழிதவறியவர்களை அழைத்துப்போக நிறைய எம்ஆர்டி ரயில் நிலையங்களில் மறதி நோயாளிகளுக்கான உதவி இடம், டிமென்ஷியா கோ-டு பாயின்ட் இருக்கிறது. மக்சிக்கிடமும் சொல்லி வைத்தேன்.)

உண்மையில் வேலை செய்தது நாள்காட்டிதான். அவர் கண்ணெதிரே அன்றைய தாளில் சிவப்பு மையால் "ஆஃப் டே" என்று எழுதுவேன். உற்றுப் பார்த்துவிட்டு, "ஓவர்டைம்கூட கிடையாதா?" என்பார். கிடையாதுங்க. உடனே ஒரு கட்டு முருங்கைக்கீரையை மடியில் வைத்துவிடுவேன். அரைமணி நேரம் உருவிக்கொண்டிருப்பார். காம்பும் சேர்ந்தே வரும், பரவாயில்லை.

சில நாள் எதுவும் பலிக்காது. அன்றைக்கு நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே புளோக்கை ஒரு சுற்று நடப்பேன். காப்பிக்கடையில் ஒரு கோப்பி-ஓ. "சரி, ஷிப்ட் முடிஞ்சுது" என்று அவரே லிப்ட் பக்கம் திரும்பிவிடுவார்.