பல் துலக்கா நோன்பும் ஈறு நலமும்: ஆகாரம் அளிக்கும் இல்லத்தாருக்கு

கழுகுமலைப் பாறையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் சமண சமய அருகர்களான தீர்த்தங்கரர்களின் உருவங்களைச் செய்வித்தவர்களின் பெயர்கள் அந்தந்த உருவத்தின் அடியிலேயே வெட்டப்பட்டுள்ளன. குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரின் பெயர்களும் அவற்றுள் உண்டு. அந்தப் பழைய திருநெல்வேலிச் சீமையில், நடந்து வரும் திகம்பர முனிவருக்கு, அதாவது ஆடையும் துறந்த சமணத் துறவிக்கு, ஆகாரம் அளிக்கும் பேறு ஓர் இல்லத்துக்கு வாய்த்தால், உணவின் தூய்மையைக் காப்பது போலவே அவருடைய ஈறுகளின் நலத்தையும் நினைவில் வைத்துச் சமைப்பது நம் கடமை.

திகம்பர முனிவரின் 28 மூலகுணங்களில், அதாவது அடிப்படை ஒழுக்கங்களில், பல் துலக்காமையும் ஒன்று. விரல், நகம், குச்சி, கல், மரப்பட்டை என எதனாலும் பல்லின் அழுக்கைத் தேய்த்து நீக்குவதில்லை என்பதே அந்த நோன்பு. ஆகவே, ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று வளர்ந்த நம் ஊர்ப் பழக்கத்தில் வேப்பங்குச்சியையோ உப்புப் பொடியையோ அன்போடு நீட்டி அவரைச் சங்கடத்துக்கு உள்ளாக்க வேண்டாம். பக்தி இயக்கக் காலத்துப் பாடல்கள் இந்த நோன்பைக் காட்டியே சமணரை ஊத்தைவாயர் என்று ஏசின. உடலின் மீதுள்ள பற்றை விடுவதற்காக ஏற்ற விரதத்தை அசுத்தம் என்று எண்ணுவது அன்றும் நியாயமன்று, இன்றும் நியாயமன்று.

ஆனால் ஈறு தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. டென்மார்க்கில் 1965இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான ஈறுடைய 12 பேர் பல் சுத்தம் செய்வதை நிறுத்தியபோது, 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது. பல்லில் ஒட்டும் கிருமிப்படலம் வெறும் நீரால் முழுதாக நீங்காது என்பதையும், அது இறுகிக் காரையாகிவிட்டால் எந்தக் கொப்பளிப்பும் அதை அகற்றாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எனவே தீட்சை பெறும் எண்ணத்தோடு இருப்பவர் வீட்டில் இருந்தால், அதற்குமுன் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று காரையை நீக்கி, சொத்தையை அடைத்து, காப்பாற்ற முடியாத பல்லை எடுத்துவிடுங்கள். என் கருத்தில் இதைவிடப் பயனுள்ள உதவி வேறில்லை.

நாளுக்கு ஒருமுறை மட்டுமே உண்பதால் பல்லை அமிலம் தாக்கும் வேளைகள் குறைகின்றன, அது நல்லதே. ஆனால் நீரும் அந்த ஒருவேளைதான் என்பதால் வாய் உலர்ந்து, உமிழ்நீரின் பாதுகாப்பு குறைகிறது. வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த நீரை உணவின் இடையிடையே தாராளமாக வார்க்க வேண்டும். அல்வா, கருப்பட்டிப் பண்டம் போல ஒட்டும் இனிப்பைச் செய்தால் தொடக்கத்திலேயே அளித்துவிட்டு, கடைசிப் பிடியாகச் சோறும் பருப்பும் போல ஒட்டாத எளிய உணவை வையுங்கள். நம் சொதியை, முனிவர் ஏற்காத வெங்காயம், பூண்டு, இஞ்சி, கிழங்கு, கேரட் இன்றி, பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் பச்சைப் பட்டாணியும் சேர்த்துச் செய்தால் பல்லிலும் தங்காது, வயிற்றுக்கும் இதம். வைட்டமின் சி குறைந்தால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். ஆதலால் நெல்லிக்காயை நெடுநேரம் வேகவிடாமல், ஆவி கண்டதும் இறக்கிக் கொட்டை நீக்கி வைப்பது நன்று. உப்பு, பால், நெய், சர்க்கரை முதலியவற்றில் எதை அவர் துறந்திருக்கிறார் என்பதை முன்கூட்டியே உடன் வருவோரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகார முடிவில் வாய் கொப்பளிக்கும் அந்தச் சில நிமிடங்களே ஈறுக்குக் கிடைக்கும் பெரிய வாய்ப்பு. அவசரப்படாமல், வெதுவெதுப்பான நீரைச் சிறுசிறு அளவாக அவர் உள்ளங்கையில் வார்த்து, ஒவ்வொரு வாய் நீரையும் அரை நிமிடமேனும் இரு கன்னத்துக்கும் மாற்றி, பல்லிடுக்குகளில் அழுத்திச் செலுத்தும் அளவுக்கு அவகாசம் கொடுங்கள். உப்பைத் துறக்காதவராயின், ஒரு டம்ளர் நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துக் கொடுக்கலாம். துவர்ப்புள்ள கடுக்காய்க் கஷாயத்தையும் மருந்தாக அந்த வேளையிலேயே அளிக்கலாம். சமணம் போற்றும் நான்கு தானங்களில் ஔடத தானமும், அதாவது மருந்து அளிப்பதும், ஒன்று. உணவில் முடியோ பூச்சியோ தென்பட்டால் அவர் அப்போதே ஆகாரத்தை நிறுத்திவிடுவார், அன்றைய நீரும் அத்தோடு போய்விடும் என்பதால், அரிசியையும் பருப்பையும் பகல் வெளிச்சத்தில் இரண்டு முறை பார்த்துப் பொறுக்குவதும் வாய் நலத்தைக் காப்பதுதான்.

கொப்பளித்துத் துப்பிய நீரைக் கவனியுங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் ஈறில் அழற்சி இருக்கிறது. பல் ஆடுவது, ஈறில் சீழ், பல்லிடுக்கில் கருஞ்சிவப்பான வீக்கம் ஆகியவை நோய் ஆழமாகிவிட்டதைக் காட்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இது விரைந்து முற்றும். முகம் வீங்கிக் காய்ச்சலோ விழுங்கச் சிரமமோ இருந்தால் அன்றே மருத்துவர் பார்த்தாக வேண்டும். முனிவர் வாகனம் ஏறுவதில்லை. எனவே பாளையங்கோட்டையிலோ கோவில்பட்டியிலோ உள்ள பல் மருத்துவரை அவர் தங்கும் இடத்துக்கு அழைத்து வாருங்கள், ஆரியிகையராயின், அதாவது பெண் துறவியராயின், பெண் மருத்துவரை அழையுங்கள். எந்தச் சிகிச்சையை ஏற்பது என்பதை அவரும் அவருடைய ஆசாரியரும் தீர்மானிக்கட்டும்.

அவர் புறப்படும்போது, எந்தப் பக்கத்து ஈறில் கசிவு கண்டது, எதை மென்று உண்ணச் சிரமப்பட்டார் என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த ஊரில் ஆகாரம் அளிக்கப் போகும் வீட்டாருக்குச் சேர்ப்பித்துவிடுங்கள்.