கீமோவுக்கு முன்: முதியவரின் உடலை அளப்பது எப்படி

புற்றுநோய் வந்தவருக்கு 76 வயது என்றதும் வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கும். “இந்த வயசுல எதுக்கு இந்தச் சித்திரவதை” என்று சிகிச்சையே வேண்டாம் என்பார்கள். அல்லது 50 வயதுக்காரருக்குப் போகும் அதே அளவு மருந்தை ஏற்றிவிட்டு, மூன்றாம் வாரம் ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டுமே வயதைக் கேட்டு எடுத்த முடிவு. உடலை யாரும் அளக்கவில்லை.

அளக்க வழி இருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ, 65 வயதைத் தாண்டியவருக்குக் கீமோ கொடுக்கும் முன் முதியோர் மதிப்பீடு செய்யச் சொல்லி 2018-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 70 வயதைக் கடந்த 718 பேரை வைத்து அங்கே நடந்த ஆய்வு 2021-இல் லான்செட் இதழில் வந்தது. மதிப்பீட்டு முடிவும் ஆலோசனையும் டாக்டர் கைக்குப் போன பிரிவில் 51% பேருக்குக் கடுமையான பக்கவிளைவு; போகாத பிரிவில் 71%. ஆறு மாத உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்த மதிப்பீட்டில் பாதியை வீட்டிலேயே செய்து, ஒரே தாளில் எழுதி எடுத்துப் போகலாம்.

நாற்காலியும் மூன்று மீட்டரும்

கைப்பிடி உள்ள சாதாரண நாற்காலி ஒன்றைப் போடுங்கள். சோஃபா வேண்டாம், குட்டையான ஸ்டூலும் வேண்டாம். அதிலிருந்து 3 மீட்டர் அளந்து தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமாக நடக்கும் வேகத்தில் கோடுவரை போய், திரும்பி வந்து உட்கார வேண்டும். “போங்க” என்றதும் செல்போனில் நேரம் ஓடட்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்ததும் நிறுத்துங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு. கைத்தடி வழக்கமென்றால் தடியோடுதான் நடக்க வேண்டும்.

இதில் நடக்கும் தவறு பெரும்பாலும் நம்முடையது. மகன் கையைப் பிடித்து எழுப்பிவிடுவார். பேத்தி “சீக்கிரம் தாத்தா” என்று கத்துவாள். இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். ஒரு முறை ஒத்திகை, இரண்டாவது முறைதான் கணக்கு.

விழுந்த கதையைக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. “கடந்த ஆறு மாசத்துல விழுந்தீங்களா?” என்றால் “இல்லையே” என்றுதான் பதில் வரும். பாத்ரூமில் வழுக்கியதெல்லாம் அவர் கணக்கில் விழுந்ததே இல்லை. “தீபாவளிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எங்கயாவது சறுக்கித் தரையில உட்கார்ந்துட்டீங்களா?” என்று பண்டிகையை வைத்துக் கேளுங்கள். பேக்லிடாக்ஸல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் பாதத்தை மரத்துப்போகச் செய்யும். ஏற்கெனவே தடுமாறுபவருக்கு அது இடுப்பெலும்பு முறிவில் கொண்டுபோய் விடும்.

கிரியாட்டினின் 0.9, எல்லாம் நார்மல்?

அதிகம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். லேப் ரிப்போர்ட்டில் 0.9 என்று இருக்கும், பக்கத்தில் எந்தக் குறியும் இருக்காது, “கிட்னி நல்லா இருக்கு” என்று முடிந்துவிடும். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; சிறுநீரகம்தான் அதை வெளியேற்றும். தசை வற்றிப்போன பாட்டிக்கு அது குறைவாகத்தான் உற்பத்தியாகும். சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் எண் அழகாகவே தெரியும்.

சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்பதுதான் கிளியரன்ஸ். அதற்குக் காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, அதை 72 × கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். பெண்ணென்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 76 வயது, 42 கிலோ, கிரியாட்டினின் 0.9 உள்ள அம்மாவுக்கு: 64 × 42 = 2688; அதை 64.8-ஆல் வகுத்தால் 41.5, 0.85-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு சுமார் 35 மி.லி. அதே 0.9 உள்ள 45 வயது, 65 கிலோ ஆணுக்கு 95 வரும். ரிப்போர்ட்டில் இருவருக்கும் ஒரே எண்.

35 என்றால் என்ன ஆகும்? கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையை, கிளியரன்ஸ் 30-க்கும் 50-க்கும் இடையில் உள்ளவர்களுக்கு முக்கால் அளவில்தான் தொடங்க வேண்டும். 30-க்குக் கீழே கொடுக்கவே கூடாது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைப் பெரும்பாலும் நினைத்துப் பார்க்க முடியாது. ஆகவே சீட்டில் கிரியாட்டினினோடு கிளியரன்ஸையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எடை அன்றைக்கு எடுத்ததாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முந்தைய எடையில் கணக்குப் போட்டால் மருந்து கூடிப்போகும்.

மஞ்சப்பை

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பட்டியல் எழுதிப் போனால் பாதி விடுபடும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கியது, லேகியம், சூரணம், தூக்க மாத்திரை எல்லாம் பைக்குள் வரட்டும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் சிஸ்பிளாட்டினோடு சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் எடுப்பவர் கேப்சிடபின் தொடங்கினால் ரத்தப்போக்கு வரலாம். வலிப்புக்கான ஃபெனிட்டாயினின் அளவும் கேப்சிடபினால் ரத்தத்தில் ஏறும். கீமோ அன்று தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சர்க்கரையைத் தூக்கிவிடும். அந்த இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் சர்க்கரை மருந்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

பி.பி. மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் தனிக் கதை. சாப்பாடு இறங்காமல் பேதியும் போய்க்கொண்டிருக்கும்போது அவற்றை வழக்கம்போல விழுங்கினால் அழுத்தம் சரிந்து சிறுநீரகம் படுத்துவிடும். எந்த நிலைமையில் எதை நிறுத்த வேண்டும் என்று முதல் சுற்றுக்கு முன்பே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நினைவு, காது, சாப்பாடு

மூன்று சொல் சொல்லுங்கள்: வாழைப்பழம், சூரியோதயம், நாற்காலி. பிறகு கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்லி, அதன்பின் அந்த மூன்று சொல்லையும் கேளுங்கள். சொல்லுக்கு ஒரு மதிப்பெண், சரியான கடிகாரத்துக்கு இரண்டு. மூன்றுக்குக் கீழே வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கு இந்தக் கடிகாரச் சோதனை நியாயமில்லை. பூக்காரம்மாவிடம் மீதிச் சில்லறை சரியாக வாங்குகிறாரா, காலை மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொள்கிறாரா என்பது அவருக்குப் பொருத்தமான கேள்வி. அதேபோல, அடுப்படிப் பக்கமே போகாத தாத்தாவிடம் “சமைக்க முடியுதா?” என்று கேட்டுப் பயனில்லை. பென்ஷனைத் தானே போய் எடுக்கிறாரா என்று கேளுங்கள்.

எடை ஆறு மாதத்தில் 10%-க்கு மேல் குறைந்திருந்தால் கீமோ நாளைக் குறிக்கும் முன்பே உணவியலாளரைப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் தேவை; 42 கிலோவுக்கு 42 முதல் 63 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மி.லி. பாலில் 6 அல்லது 7 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் கொடுத்தால் இந்தக் கணக்கு எட்டவே எட்டாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மதிப்பெண் போடுதல்

கீமோவின் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பைக் கணிக்க, அமெரிக்க முதியோர் புற்றுநோய் மருத்துவர் ஆர்தி ஹுர்ரியா குழுவினர் 2011-இல் வெளியிட்ட கார்க் (CARG) கருவியில் 11 கேள்விகள். 72 வயது அல்லது மேல்: 2. குடல், இரைப்பை, சிறுநீர்ப்பாதை சார்ந்த புற்றுநோய்: 2. முழு அளவு மருந்து: 2. ஒன்றுக்கு மேற்பட்ட கீமோ மருந்து: 2. ஹீமோகுளோபின் ஆணுக்கு 11-க்கும் பெண்ணுக்கு 10-க்கும் கீழ்: 3. கிரியாட்டினின் கிளியரன்ஸ் 34-க்குக் கீழ்: 3. ஆறு மாதத்தில் ஒரு முறையாவது விழுந்தது: 3. காது மந்தம்: 2. தெருக்கோடி தூரம் நடக்கச் சிரமம்: 2. மாத்திரை எடுக்க உதவி தேவை: 1. உடம்பாலோ மனச்சோர்வாலோ வெளியே போய் நாலு பேரைப் பார்ப்பது குறைந்தது: 1.

கூட்டல் 5 வரை என்றால் கடும் பக்கவிளைவு வரும் வாய்ப்பு சுமார் 30%. 6 முதல் 9 வரை 52%. 10 அல்லது அதற்கு மேல் 83%. கிளியரன்ஸுக்குக் கார்க் வேறு சூத்திரம் வைத்திருப்பதால், எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு அதன் இணையக் கணக்கியில் போட்டுப் பார்ப்பதே சரி.

நம் 76 வயது அம்மாவுக்குக் குடல் புற்றுநோய், இரண்டு மருந்து, முழு அளவு என்றால் அவரைப் பற்றி எதுவும் கேட்கும் முன்பே 8. காதும் மந்தமென்றால் 10. ஒரே மருந்து, குறைந்த அளவு என்று மாற்றினால் 6. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலேயே இருக்கிறது: “இதுல எந்த மதிப்பெண்ணைக் குறைக்க முடியும் சார்?” காது மெஷின் மாட்டுவது, ரத்தசோகையைச் சரிசெய்வது, பிசியோதெரபி தொடங்குவது எல்லாமே இந்தக் கேள்விக்கான பதில்கள்.

ஆனால் எல்லாருக்கும் அளவைக் குறைப்பது கருணை ஆகிவிடாது. பிரிட்டனில் உடல் தளர்ந்த 514 இரைப்பை–உணவுக்குழாய் நோயாளிகளிடம் செய்த ஜி.ஓ.2 ஆய்வில் 60% அளவு மருந்தே நோயைக் கட்டுப்படுத்துவதில் பின்தங்கவில்லை, தொல்லையும் குறைவு. அதே 2021-இல் வந்த ஈ.டபிள்யு.ஓ.சி.-1 ஆய்விலோ, தளர்ந்த சினைப்பைப் புற்றுநோய்ப் பெண்களுக்குக் கார்போபிளாட்டின் மட்டும் கொடுத்த பிரிவில் ஆயுளே குறைந்தது. பேக்லிடாக்ஸலும் சேர்த்தவர்கள் கூடுதல் காலம் இருந்தார்கள். நோய்க்கு நோய் வேறு.

முதல் சுற்றுக்குப் பின்

கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளணு பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள் அடிமட்டத்துக்குப் போகும். அந்த நாட்களைத் தினசரி காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை. பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறையுமே தவிர கிருமி போகாது. முதியவருக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரலாம்; அதன் அறிகுறிகள்: திடீர்க் குழப்பம், தூக்கம் தெளியாமை, சாப்பாட்டை ஒதுக்குவது.

கேப்சிடபின் வழக்கமாக 14 நாள், காலையும் இரவும் சாப்பிட்ட அரை மணிக்குள். பிறகு 7 நாள் ஓய்வு. அட்டையில் மாத்திரை மிச்சமிருக்கிறதே என்று 15-ஆம் நாளும் விழுங்குவது வாடிக்கையாக நடக்கும் விபத்து. ஓய்வு வாரத்தில் அட்டை வீட்டிலிருக்கும் இன்னொருவரிடம் இருக்கட்டும். வழக்கத்தைவிட நாலு முறை கூடுதலாகப் பேதியானால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆய்வில் சேரச் சொன்னால்

புற்றுநோய் மருந்துச் சோதனைகளில் முதியவர்கள் குறைவாகத்தான் இருக்கிறார்கள். 75-க்கு மேல் இன்னும் குறைவு. அதனால்தான் மருந்தளவே ஊகமாகிப்போகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022-இல் இவர்களைச் சேர்க்கச் சொல்லித் தனி வழிகாட்டுதல் தந்தது. இந்தியாவில் சேர அழைத்தால், மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 முதல் பதிவு கட்டாயம். ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்து, மருத்துவச் சோதனை விதிகளில் இருக்கின்றன.

ஆய்வை வடிவமைப்பவர்களுக்கு: வயது உச்சவரம்பை எடுத்துவிட்டால் மட்டும் முதியவர் வந்துவிட மாட்டார். கூடுதல் ரத்தப் பரிசோதனைக்காகத் தனியே ஒரு பயணம் என்றால் மகன் ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். அதைக் கீமோ நாளோடு சேர்த்துவிடுங்கள். கட்டி எத்தனை மில்லிமீட்டர் சுருங்கியது என்பதோடு, அவர் தானே குளிக்கிறாரா என்பதையும் ஒவ்வொரு சுற்றிலும் குறித்து வையுங்கள். ஒப்புதல் படிவம் பெரிய எழுத்தில் இருக்கட்டும். கையெழுத்து வாங்கும் முன் ஓர் இரவு அது அவர் வீட்டில் இருக்கட்டும்.