மொத்த எடை சரி, முன் ஆக்சில் எடை? லாரி லோடில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எடை மேடைக்கு வருகிற வண்டிகளைக் கவனித்துப் பாருங்கள். வண்டி ஏறும், மொத்த எடை வரும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள், டிரைவர் அதைப் பார்த்துவிட்டு "எடை சரியாத்தானுங்க இருக்குது" என்று கிளம்பிவிடுவார். முன் ஆக்சிலில், அதாவது முன் சக்கரங்களைத் தாங்கும் அச்சில், மட்டும் எத்தனை டன் நிற்கிறது என்று கேட்கிற ஆள் அபூர்வம். ஸ்டீயரிங் பிடிக்கிற இரண்டு டயரும் அந்த ஆக்சிலில்தான் இருக்கின்றன, அதில் ஒன்று வெடித்தால் பக்கத்தில் தாங்கிக்கொள்ள இன்னொரு டயர் கிடையாது. அதனால்தான் இதை இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

முதல் தவறு இதுதான்: மொத்த எடைக்குள் இருந்தால் எல்லாம் சரி என்று நினைப்பது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு மொத்த எடைக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது, ஒவ்வொரு ஆக்சிலுக்கும் தனியாக ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) ஆக்சில் வாரியாக எழுதியிருக்கும் எடைதான் உங்கள் வண்டியின் வரம்பு. 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடையை உயர்த்தியது, நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சில் 10.2 டன்னிலிருந்து 11.5 ஆனது, டேன்டம் (பின்னால் அடுத்தடுத்து ஜோடியாக இருக்கும் இரண்டு ஆக்சில்) 19லிருந்து 21 ஆனது, இரண்டு ஆக்சில் லாரியின் மொத்த எடை 16.2லிருந்து 18.5 ஆனது. ஆனால் "இப்பத்தான் ஏத்தி விட்டுட்டாங்களே" என்று பழைய வண்டியில் புதுக் கணக்குப் போட்டு லோடு ஏற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த வண்டியின் முன் ஸ்பிரிங், ஹப், பேரிங், டயர் எல்லாம் பழைய 6 டன்னுக்கு வந்தவை. அடுத்தவர் வண்டி எத்தனை டன் தாங்குகிறது என்பது உங்கள் ஆர்சிக்குப் பொருந்தாது, எடுத்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.

சரி, லோடு போடுகிற இடத்துக்கு வருவோம், ஏனென்றால் பிரச்சினையில் முக்கால்வாசி அங்கேதான் ஆரம்பிக்கிறது. கணக்கு சீசா பலகைக் கணக்குதான். பின் ஆக்சிலுக்கு (டேன்டம் என்றால் இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில்) முன்னால் லோடின் மையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதை லோடு எடையால் பெருக்கி வீல்பேஸால் (முன் ஆக்சிலிலிருந்து அந்தப் பின் ஆக்சில் வரை உள்ள தூரம்) வகுத்தால், முன் ஆக்சிலுக்குப் போகிற பங்கு வந்துவிடும். ஒரு பத்து வீல் டாரஸ் லாரியை (முன்னால் ஒரு ஆக்சில், பின்னால் டேன்டம்) வைத்துக்கொள்வோம், மொத்தம் 28 டன், ஆர்சியில் முன்னால் 7, பின்னால் 21. வெறும் வண்டி 9 டன், அதில் 4.5 டன் முன்னால் நிற்கிறது. முன் ஆக்சிலிலிருந்து டேன்டம் நடுவுக்கு 5.5 மீட்டர், பாடி 24 அடி, அதாவது 7.3 மீட்டர். காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலையில் 50 கிலோ மூட்டை 370, அதாவது 18.5 டன், பாடி முழுக்க ஒரே மட்டமாக அடுக்குகிறார்கள். மையம் டேன்டமுக்கு 70 சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது என்றால் முன் ஆக்சிலுக்கு 2.35 டன் சேரும், மொத்தம் 6.85 டன். நல்ல லோடு.

இப்போது லோடுமேன் "முன்னால ஒட்டிப் போட்டுருங்கண்ணா, பிரேக் அடிச்சா நகராது" என்று கேபின் பக்கம் ஒரு அடுக்கு கூடுதலாக வைத்து, பின் பலகையோரம் இரண்டடி காலி விட்டுவிடுகிறார். பார்ப்பதற்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மையம் ஓர் அடி, 30 சென்டிமீட்டர், முன்னால் போய்விட்டது. முன் ஆக்சிலில் ஒரு டன் ஏறி 7.86 ஆகிவிட்டது. மேடையில் ஏற்றினால் மொத்தம் 27.5 டன்தான் காட்டும், அனுமதித்ததைவிட அரை டன் குறைவு. முன் ஆக்சிலோ 860 கிலோ கூடுதல். சீட்டைப் பார்த்து டிரைவர் நிம்மதியாகக் கிளம்புகிறார்.

மூட்டை லோடிலேயே இப்படியென்றால் கனமான லோடைச் சொல்லவே வேண்டாம். சேலத்து ஸ்டீல் காயில், கோயம்புத்தூர் பவுண்டரி காஸ்டிங், கிரானைட் கல் இதெல்லாம் பாடியில் பாதி இடம்கூட அடைக்காது. எங்கே வைக்கிறோம் என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது, அதனால்தான் கேபினோடு ஒட்டி வைக்கிற பழக்கம் இதில் அதிகம். லோடு நகரக்கூடாது என்ற கவலை நியாயமானது, அதற்குச் செய்ய வேண்டியது சங்கிலி, கட்டை, பெல்ட் போட்டு இருக்க வேண்டிய இடத்தில் இறுக்கிக் கட்டுவது. ஆக்சிலுக்கு ஏற்ற இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் கட்டுங்கள், கட்டுவதற்கு வசதி என்று இடத்தை மாற்றாதீர்கள்.

பலரும் யோசிக்காத விஷயம் வழியில் இறக்குவது. சங்ககிரியில் ஏற்றி, பெருந்துறையில் கொஞ்சம், அவிநாசியில் கொஞ்சம், மிச்சத்தைக் கோயம்புத்தூரில் என்று போகிற வண்டிகள் தினமும் ஓடுகின்றன. முதலில் இறக்குவது பின்னால் இருக்கும். லோடு குறைந்தால் எல்லா ஆக்சிலிலும் குறையும் என்றுதான் மனசு சொல்லும், ஆனால் பின் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்குகிற பகுதியில் இருக்கும் எடை அதுவரை வண்டியின் மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது. மேலே சொன்ன அதே வண்டியில், ஒழுங்காக மட்டமாக ஏற்றிய லோடில், பெருந்துறையில் பின்பக்கமிருந்து 120 மூட்டை, 6 டன், இறக்குகிறார்கள் என்று வையுங்கள். அந்த 6 டன்னின் மையம் டேன்டமுக்குப் பின்னால் ஏறக்குறைய 1.75 மீட்டரில் இருந்தது. அதை எடுத்ததும் முன் ஆக்சிலில் 1.9 டன் கூடுகிறது. 6.85 ஆக இருந்தது 8.75 டன் ஆகிவிட்டது, மொத்த எடையோ 21.5 டன்தான். பெருந்துறையிலிருந்து கோயம்புத்தூர் வரை, வண்டி பாதி காலி என்ற நினைப்பில், டிரைவர் இன்னும் கொஞ்சம் வேகமாகவே போவார். காலையில் முழு லோடில் எடுத்த சீட்டு இதைக் காட்டாது. இதற்கு வழி ஏற்றும்போதே இறக்குகிற வரிசையை யோசித்து வைப்பதுதான்: முதல் இடத்துக்கான சரக்கை முழுக்கப் பின்னால் போடாமல் நீளவாக்கில் ஒரு பக்கமாகவோ மேல் அடுக்காகவோ போடலாம், முடியாதென்றால் முதல் இடத்தில் இறக்கி முடித்ததும் முன்னால் இருக்கிற கொஞ்சம் மூட்டையைப் பின்னால் மாற்றிவிட்டுக் கிளம்பலாம். லோடுமேன் கூலி கேட்பார்தான். கொடுத்துவிடுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. முன்னால் கூடிவிடும் என்று பயந்து எல்லாவற்றையும் பின்னால் தள்ளினால் ஸ்டீயரிங் லேசாகிவிடும். "வண்டி பூ மாதிரி திரும்புதுங்க" என்று சந்தோஷப்படுகிற டிரைவரைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. முன் டயருக்குத் தரையில் பிடிப்பு இல்லை, பிரேக் அடித்தால் முன் சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். மழையில் தருமபுரியிலிருந்து சேலத்துக்குத் தொப்பூர் கணவாய் இறங்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கம்பி லோடில் இது அதிகம், நீளம் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது, அப்படி நீட்டுவதே சட்டப்படி தனி அபராதம்.

டயர் விஷயத்தில் எழுத்தைப் படிக்காமல் வாங்குவது பெரிய தவறு. டயரின் பக்கவாட்டில் சைஸுக்குப் பக்கத்தில் 146/143 என்ற மாதிரி எண் இருக்கும், முதல் எண் ஒற்றையாக ஓடும்போது, இரண்டாவது ஜோடியாக ஓடும்போது. 146 என்றால் 3,000 கிலோ, 149 என்றால் 3,250, 152 என்றால் 3,550. முன்னால் ஒற்றை டயர்தான், ஆக இரண்டு 146 டயர் சேர்ந்து 6 டன்தான் தாங்கும். 7 டன் ஆக்சிலில் அதைப் போட்டால், ஆக்சில் எடை வரம்புக்குள் இருக்கும்போதே ஒவ்வொரு டயரிலும் 500 கிலோ கூடுதல். 152 இருந்தால்தான் கணக்கு நேராகிறது. அந்த 3,550 கிலோவும் கம்பெனி சொன்ன காற்று முழுக்க இருந்தால்தான், அதுவும் வண்டி ஓடுமுன் ஆறிய டயரில் பார்த்த அளவு. சித்திரை வெயிலில் கரூர் ரோட்டில் டயர் சூடாகி அளவு ஏறியிருக்கிறது என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் மடங்கி இன்னும் சூடாகும். ரீட்ரேட் டயரை (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) பின்னால் ஜோடியில் ஓட்டுங்கள், முன்னால் வேண்டாம்.

ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடப் போட்டுவிட்டால் முன் ஆக்சில் அதிகம் தாங்கும் என்பது பட்டறைகளில் காலங்காலமாக இருக்கிற நம்பிக்கை. பட்டை கூடினால் வண்டி தாழாது, அவ்வளவுதான். கிங்பின் (முன் சக்கரம் திரும்புகிற முளை), ஹப் பேரிங், டயர், பிரேக் எதுவும் அதனால் பலமாகவில்லை, முன்னால் தாழ்ந்து நின்று கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த எச்சரிக்கையையும் மறைத்துவிட்டோம். இன்னொன்று, எடை மேடையில் வருவது நின்றிருக்கும் எடை. 28 டன் வண்டியில் லோடோடு சேர்ந்த மையம் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், கொஞ்சம் அழுத்திப் பிரேக் அடிக்கும்போதே ஏறத்தாழ 3 டன் பின்னாலிருந்து முன்னால் வந்து அந்த நேரத்துக்கு உட்காரும். 7க்கு அது 10. ஏற்கெனவே 8.75இல் இருக்கிற வண்டிக்கு எத்தனை என்று கூட்டிக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் ஆக்சில் (தேவையில்லாதபோது தரையிலிருந்து தூக்கி வைக்கக்கூடிய ஆக்சில்) உள்ள வண்டிகளில் டயர் தேயாது, டீசல் மிச்சம் என்று லோடோடு தூக்கிவிட்டு ஓட்டுவது நடக்கிறது. டேன்டமுக்கு முன்னால் இருக்கிற லிஃப்ட் ஆக்சிலைத் தூக்கினால் அது சுமந்த எடை முன்னாலும் பின்னாலும் பிரிந்து போகும், அதனால் லோடோடு அது தரையில்தான் இருக்க வேண்டும். ட்ரெய்லரில், அதன் முன்பக்க முளையான கிங்பின் (மேலே சொன்ன கிங்பின் வேறு) வந்து உட்காருகிற பிஃப்த் வீல், அதாவது இழுக்கும் வண்டியின் மேலுள்ள தட்டு, இருக்கிற இடம்தான் முக்கியம்: அதன் மேல் 15 டன் இறங்குகிறது, வீல்பேஸ் 4 மீட்டர் என்றால், 10 சென்டிமீட்டர் முன்னால் தள்ளிப் போல்ட் போட்டதற்கே முன் ஆக்சிலில் 375 கிலோ கூடும். வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டுகிறபோது இதை அளந்து பார்க்காமல் மாட்டிவிடுகிறார்கள்.

எடை போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முன் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஒரு எடை, அப்புறம் முழு வண்டியும் ஏற்றி ஒரு எடை, கழித்தால் பின் ஆக்சில். மேடையும் அதற்கு வருகிற பாதையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், சரிவில் பின் சக்கரம் நின்றால் எடை தப்பாக வரும். நியூட்ரலில் போட்டு, கட்டை வைத்து, பிரேக்கை விட்டுவிட்டு எடுங்கள், பிரேக் பிடித்திருந்தால் ஆக்சில் எடை மாறும். டேங்க் நிறைய டீசலோடு, டிரைவரும் கிளீனரும் உட்கார்ந்த நிலையில் வெறும் வண்டியின் முன் ஆக்சில் எடையை ஒரு தடவை எடுத்து எழுதி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு லோடுக்கும் முன்கூட்டியே கணக்குப் போடலாம். 400 லிட்டர் டீசலே 330 கிலோ வரும், கேபின் மேல் கேரியரில் நனைந்த தார்ப்பாய், முன்னால் கனமான இரும்பு பம்பர் இதெல்லாம் சேர்ந்தவைதான். திருச்செங்கோடு ரிக் வண்டிகளில் (போர்வெல் போடுபவை) மாஸ்ட், அதாவது துளையிடும் கோபுரம், கேபின் மேல் படுத்திருப்பதால் அவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அபராதம் பற்றிச் சுருக்கமாக. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000, அதோடு கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையது. எடை போட நிற்காமல் போனால் 40,000.

முன்னால் கூடியிருக்கிறது என்று மேடையில் தெரிந்தால் முழு லோடையும் பிரிக்க வேண்டியதில்லை. அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: குறைக்க வேண்டிய எடையை வீல்பேஸால் பெருக்கி, மூட்டையை எவ்வளவு தூரம் பின்னால் நகர்த்த முடியுமோ அதால் வகுக்க வேண்டும். நம் டாரஸில் ஒரு டன் குறைய வேண்டும், 2.75 மீட்டர் தள்ளி வைக்க இடம் இருக்கிறது என்றால் 2 டன், அதாவது 40 மூட்டை மாற்றினால் போதும். மாற்றியதும் முன் ஆக்சிலை மறுபடி மேடையில் ஏற்றி, அந்த ஒரு டன் பின்னால் போய் டேன்டம் 21ஐத் தாண்டவில்லை என்பதையும் பார்த்துவிட்டுக் கயிறு கட்டுங்கள்.