நாலு கம்பும் ஒரு கட்டுக் கயிறும்: வீட்டுத் தோட்டத்தில் பந்தல் போடுவது எப்படி?

ஆடிப் பட்டம் வந்ததும் பாகல், புடலை, பீர்க்கை என்று விதை வாங்கி ஊன்றிவிடுகிறோம். கொடி ஒரு முழம் வளர்ந்து தரையில் சாய்ந்த பிறகுதான் பலருக்குப் பந்தல் ஞாபகமே வருகிறது. அந்த நேரத்தில் குழி தோண்டினால் வேர் அறுபடும், படர்ந்த கொடியைத் தூக்கிக் கட்டினால் தண்டு முறியும். அதனால் முதலில் பந்தல், அப்புறம் விதை. ஆறடிக்கு ஆறடி இடமும் நல்ல வெயிலும் இருந்தால் போதும்.

கம்பு வாங்கப் போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், எல்லாக் கொடியும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. கொடி அவரை தண்டாலேயே கம்பைச் சுற்றிக்கொண்டு ஏறும். அதற்கு மூன்று சவுக்குக் கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி ஊன்றிவிட்டால் வேலை முடிந்தது. பாகலும் பீர்க்கையும் புடலையும் சுருள் விட்டுப் பிடிப்பவை. அந்தச் சுருளைக் கிட்டே போய்ப் பாருங்கள், அவ்வளவு அழகு! நுனி கயிற்றில் பட்டதும் வளைத்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு நடுப்பகுதி பாதி ஒரு பக்கமாகவும் மீதி எதிர்ப்பக்கமாகவும் ஸ்பிரிங் போலச் சுருண்டு கொடியை இழுத்துக்கொள்ளும், காற்றடித்தாலும் கொடி ஆடுமே தவிர எளிதில் அறாது. ஆனால் தடித்த மூங்கிலை அதனால் பிடிக்க முடியாது. கம்பு பாரம் தாங்கத்தான், கொடி ஏறுவதற்குக் கயிறு வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். எட்டடி நீளத்தில் நான்கு சவுக்கு அல்லது மூங்கில் கம்புகள். கரையான் ஏறாமலிருக்க அடிப்பகுதியில் இரண்டடிக்குத் தார் பூசிக் காயவிடுங்கள். ஒன்றரை அடி குழியில் இறக்கி, சுற்றிலும் கல் போட்டு, மண்ணைக் கடப்பாரையின் அடியால் நன்றாக இடித்து இறுக்குங்கள். மேலே ஆறரை அடி நிற்கும். உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: புடலை நீளமாகத் தொங்க வேண்டும், நீங்கள் குனியாமல் உள்ளே போய்ப் பறிக்க வேண்டும், காற்று புகுந்து இலை ஈரம் காய வேண்டும். வெட்டிய பச்சைப் பூவரசு, கிளுவைக் கம்புகள் வேண்டாம், அவை துளிர்விட்டு வேர்பிடித்துக் கொடியோடு போட்டி போடும்.

மொட்டை மாடி என்றால் கம்பை இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் நிறுத்தி ஜல்லியும் மணலும் சிமென்ட்டும் கலந்து நிரப்புங்கள். அதோடு விடாமல் கைப்பிடிச் சுவரோடும் இழுத்துக் கட்டுங்கள். ஐப்பசி மழையில் நனைந்த கொடியின் பாரமும் காற்றும் சேர்ந்தால் வாளி மட்டும் தாங்காது.

அடுத்து, நான்கு குறுக்குக் கம்புகளை உச்சியில் வைத்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள், கம்பி முனையை உள்ளே மடக்கிவிட்டால் கையில் குத்தாது. அதன்மேல் நைலான் கயிற்றை ஓரடிக்கு ஓரடி கட்டமாக இழுத்து, குறுக்கே சேரும் இடத்திலெல்லாம் ஒரு முடிச்சு. முடிச்சில்லாவிட்டால் காய் பிடித்ததும் கயிறுகள் ஒரே பக்கம் சரியும்.

விதையைக் கம்புக்கு ஓரடி தள்ளி ஊன்றுங்கள். பக்கத்தில் ஒரு சிறு முளை அடித்து, அதிலிருந்து பந்தல்வரை சணல் கயிறு கட்டினால் நாற்று அதைப் பிடித்து ஏறும். சுருள் வரும்வரை தாங்கிப் பிடிக்கப் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் தளர்வாகக் கட்டுங்கள், பிளாஸ்டிக் கயிறு தண்டை அறுத்துவிடும். பந்தலைத் தொடும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். தொட்டதும் நுனியைக் கிள்ளுங்கள், அப்போது மேலே பக்கக் கிளைகள் பிரிந்து படரும், பிஞ்சோடு வரும் பெண்பூக்கள் அவற்றில்தான் அதிகம்.

காய்க்கத் தொடங்கியதும் இரண்டு நாளுக்கொருமுறை பந்தலுக்கடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கயிற்றின்மேல் உட்கார்ந்திருக்கும் பிஞ்சைக் கட்டத்தின் வழியே மெல்லக் கீழே தள்ளிவிட வேண்டும், பெருத்துவிட்டால் மாட்டிக்கொண்டு கோணிவிடும். நீளப் புடலை என்றால், பிஞ்சு ஒரு சாண் ஆனதும் சின்னக் கல்லை நூலில் கட்டி நுனியில் தொங்கவிடுங்கள், காய் சுருளாமல் நேராக இறங்கும்.