டக்ளஸ் குடும்ப வரலாறு: படிக்கும்போது எங்கே தடுமாறுகிறோம்?

ஸ்காட்லாந்து வரலாற்றைப் படிப்பவர்கள் பலர், அங்கே செல்வாக்கோடு இருந்த பிரபுக் குடும்பமான டக்ளஸ் குடும்பத்திடம் வந்து சிக்கிக்கொள்வார்கள். மன்னருக்காக உயிரையே பணயம் வைத்த டக்ளஸ் ஒரு பக்கத்தில் வருவார். நாலு பக்கம் தள்ளி, மன்னரே டக்ளஸைக் குத்திக் கொன்றார் என்று இருக்கும். இரண்டும் நடந்தவைதான். ஆள் வேறு, காலம் வேறு.

பெயரை மட்டும் நம்பிப் படிப்பதுதான் முதல் தவறு. ஜேம்ஸ், வில்லியம், ஆர்ச்சிபால்ட் என்ற மூன்று பெயர்களே இந்தக் குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும். எத்தனையாவது ஏர்ல் (பரம்பரையாக வரும் பிரபுப் பட்டம்) என்பதை ஆண்டோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ராபர்ட் புரூஸ் மன்னரின் தளபதியான சர் ஜேம்ஸ் டக்ளஸ் ஏர்லே கிடையாது. ஏர்ல் பட்டம் 1358இல்தான் அவருடைய தம்பி மகன் வில்லியமுக்குக் கிடைத்தது.

சர் ஜேம்ஸைச் சுற்றி இன்னொரு குழப்பமும் உண்டு. இறந்துபோன புரூஸின் இதயத்தை எடுத்துக்கொண்டு போனவர், எதிரிகள் சூழ்ந்தபோது அதை அவர்கள் நடுவே வீசி எறிந்துவிட்டுப் பாய்ந்தார் என்பார்கள். 1330இல் ஸ்பெயினின் தேபா என்ற இடத்தில் அவர் போரில் இறந்தது உறுதி. இதயத்தை வீசிய காட்சி பிற்காலத்தில் சேர்ந்தது. அந்த இதயம் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் மடத்துக்குத் திரும்பி வந்தது. அங்கே 1921இல் கிடைத்த ஈயப் பேழையை 1996இல் மறுபடி தோண்டி எடுத்து, 1998இல் அதே மடத்தில் புதைத்தார்கள். உள்ளே இருப்பது புரூஸின் இதயம்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

அடுத்தது நிறம். ஆங்கிலேயர்கள் சர் ஜேம்ஸைக் 'கருப்பு டக்ளஸ்' என்றார்கள். பிறகு மூத்த கிளை முழுவதற்கும் அந்தப் பெயர் நிலைத்தது. முதலாம் ஏர்லுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த ஜார்ஜ், ஆங்கஸ் ஏர்ல் ஆனார். அவர் வழி வந்தவர்கள் 'சிவப்பு டக்ளஸ்'. இரண்டையும் ஒரே கட்சியாக நினைத்தால் கதையே புரியாது. 1455இல் கருப்புக் கிளை வீழ்ந்தபோது சிவப்புக் கிளையின் ஆங்கஸ் ஏர்ல் நின்றது மன்னர் பக்கம். டக்ளஸ் நிலங்களில் பங்கும் பிறகு அவருக்கு வந்தது.

அதிகம் பேசப்படுவது 1440 நவம்பரில் எடின்பரோ கோட்டையில் நடந்த 'கருப்பு விருந்து'. ஆறாம் ஏர்ல் வில்லியமுக்கு அப்போது 16 வயது இருக்கலாம். தம்பி டேவிட் அவரைவிடச் சின்னவர். மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்கு வயது 10தான். விருந்துக்கு வந்த அண்ணன் தம்பி இருவரையும் பிடித்து, பேருக்கு ஒரு விசாரணை நடத்தித் தலையை வெட்டினார்கள். விருந்தின் நடுவே கருப்புக் காளைத் தலையை மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது பின்னாளில் எழுதியவர்கள் சொன்னது. எல்லோருக்கும் நினைவில் நிற்பதும் அந்தக் காளைத் தலைதான். இதற்குப் பின்னால் இருந்த சான்சலர் (மன்னரின் தலைமை அமைச்சர்) கிரைட்டனைத் திட்டுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். பையன்கள் செத்ததும் ஏர்ல் பட்டம் யாருக்குப் போனது என்று பாருங்கள்: அவர்களுடைய சின்னத் தாத்தாவுக்கு! அவர்தான் ஏழாம் ஏர்ல் ஜேம்ஸ். எனக்கு அந்த இரவில் மிகவும் உறுத்துவது இதுதான்.

இந்த விருந்தையும் 1452 பிப்ரவரிக் கொலையையும் ஒன்றாக்கிவிடுவதும் சகஜம். இரண்டிலும் வில்லியம், இரண்டிலும் கோட்டை, இரண்டிலும் அதே மன்னர். ஆனால் 1452இல் மன்னருக்கு 21 வயது. கொல்லப்பட்டவர் அந்தச் சின்னத் தாத்தாவின் மகன், எட்டாம் ஏர்ல். உயிருக்கு ஆபத்து வராது என்று மன்னர் தந்த பாதுகாப்புக் கடிதத்தை நம்பி ஸ்டர்லிங் கோட்டைக்கு வந்தவரிடம், கிராஃபர்டு, ராஸ் ஏர்ல்களோடு செய்த ஒப்பந்தத்தை முறிக்கச் சொன்னார் மன்னர். அவர் மறுத்தார். மன்னரே முதலில் கத்தியை இறக்கினார், அப்புறம் கூட இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உடலில் 26 காயங்கள் என்கிறது அந்தக் காலக் குறிப்பு ஒன்று. அடுத்த மாதம் ஏர்லின் தம்பி ஜேம்ஸ் ஆட்களோடு வந்து, அந்தப் பாதுகாப்புக் கடிதத்தைக் குதிரை வாலில் கட்டி ஸ்டர்லிங் தெருக்களில் இழுத்துப் போய், ஊருக்குத் தீ வைத்தார்.

எல்லாவற்றையும் ஆங்கிலேயருக்கு எதிரான போராட்டமாகவே பார்ப்பவர்களுக்கு இந்த ஜேம்ஸ், அதாவது ஒன்பதாம் ஏர்ல், ஒரு பெரிய சிக்கல். 1455இல் மன்னரிடம் தோற்றதும் அவர் ஓடியது இங்கிலாந்துக்கு. 1484இல் ஆங்கிலேயர் ஆதரவோடு எல்லை தாண்டி வந்து, லாக்மேபனில் பிடிபட்டார். லிண்டோர்ஸ் மடத்தில் அடைக்கப்பட்டு 1491இல் அங்கேயே இறந்தார்.