சிக்கிமுக்கித் துப்பாக்கியில் 40 கஜத்துக்குள் குறி தப்பாமல் சுட: புதியவர்களுக்குச் சில படிகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் இன்னொரு மான் வேட்டை சீசன் தொடங்கும். சிக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பிடிக்கும் பழைய பாணித் துப்பாக்கிகளுக்கென்றே 1974இல் ஆரம்பித்தது. போன வருடம் அதில் சுமார் 30 மீட்டரில் பக்கவாட்டில் நின்ற மானின் முதுகுக்கு மேலே சுட்டேன். புகை விலகியபோது அது இன்னும் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்ப மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்க முக்கால் நிமிடமாவது ஆகும். அது அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் ரேஞ்சில் மேசைமேல் வைத்து, இதே துப்பாக்கியில் ஐந்து குண்டுகளை ஒரு டீ சாஸருக்குள் போட்டிருந்தேன். அப்படியானால் காட்டில் என்ன ஆனது? அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

லைசென்ஸ், கண்ணாடி, காதடைப்பு எல்லாம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த வருடத்து கேம் கமிஷன் (மாநில வேட்டைத் துறை) கையேட்டைப் பார்த்துவிடுங்கள். (ஊரில் இருக்கும் நண்பர்களுக்கு: இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இது அங்கே செய்து பார்க்கிற விஷயம் இல்லை.)

படி 1: கெட்டிப்பது

என்னுடையது 20 போர். குழலின் உள்ளே குண்டைச் சுழலவைக்கும் புரி கிடையாது, வழவழப்பு. 20 போர் என்றால், குழல் அளவுக்கு ஈயக் குண்டு வார்த்தால் ஒரு பவுண்டுக்கு இருபது வரும் என்று அர்த்தம்.

புரியில்லாக் குழல் நேராகச் சுடாது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கெட்ட பெயர் பெரும்பாலும் பட்டாளத்துத் துப்பாக்கிகளால் வந்தது. பிரவுன் பெஸ் குழல் 0.75 அங்குலம், அதற்குக் கொடுத்த குண்டு 0.69 அங்குலம். வேகமாகக் கெட்டிக்க வேண்டும் என்பதற்காக அவ்வளவு தளர்வு. குண்டு குழலுக்குள் இடித்துக்கொண்டே போய், கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ அதற்கேற்பத் திசை மாறும். நமக்கு அந்த அவசரம் இல்லை. குண்டைத் துணியில் பொதிந்து இறுக்கமாக இறக்கினால் 40 கஜத்துக்கு இந்தக் குழல் தாராளமாகப் போதும்.

நான் போடுவது: 70 கிரெயின் (சுமார் நாலரை கிராம்) டூ எஃப் கருமருந்து (நடுத்தரப் பருமனுள்ள பழைய கறுப்பு வெடிமருந்து), 0.600 அங்குல சுத்த ஈயக் குண்டு, 0.015 அங்குல கனத்தில் மெத்தை உறைத் துணி, அதில் தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் கலந்த பசை. உங்கள் துப்பாக்கிக்குத் தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவைத் தாண்டாமல், 60இல் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றிப் பாருங்கள். சுட்ட பிறகு துணியைத் தேடி எடுத்துப் பாருங்கள். ஓரம் பிசிறாமல் இருந்தால் சரி. நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் கனமான துணிக்கு மாறுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். இன்றைய புகையில்லா மருந்தை இதில் ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள், குழல் வெடிக்கும். மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதீர்கள். உள்ளே கங்கு இருந்தால் கொம்பே கையில் வெடிக்கும். அளவுக் குப்பியில் ஊற்றி அதிலிருந்து போடுங்கள். குண்டு மருந்தின்மேல் உட்கார வேண்டும், நடுவில் இடைவெளி கூடாது. அதற்குக் கெட்டிக்கும் கோலில் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள்.

கருமருந்துக்குப் பதில் என்று விற்கும் மாற்று மருந்துகள் இதற்கு ஆகாது. அவை தீப்பிடிக்க அதிகச் சூடு வேண்டும், கல் தரும் பொறிக்கு மசியாது. கருமருந்தில் எனக்குப் பிடித்தது ஸ்விஸ் பிராண்டு. விலை அதிகம்தான், ஆனால் கரி குறைவு.

படி 2: கல்

கல்லைத் தோலில் சுற்றி இறுக்குங்கள். அதன் முனை, பொறி பறக்க அது மோதும் எஃகுத் தகட்டின் முழு அகலத்திலும் ஒரே நேரத்தில் பட வேண்டும். இங்கிலாந்தின் பிராண்டன் பக்கத்துக் கறுப்புச் சிக்கிமுக்கிக் கல்தான் என் தேர்வு. இயந்திரத்தில் அறுத்த அகேட் கற்களை வாங்கிப் பார்த்தேன், இரண்டாவது வாரம் டப்பாவுக்குள் போய்விட்டன. பொறி விழுகிற சின்னக் கிண்ணத்தில் ஃபோர் எஃப் (மிக நைசான) மருந்து பாதிக்குமேல் வேண்டாம். கிண்ணத்துத் தீ குழலுக்குள் போகும் பக்கத்துத் துளையை மருந்து மூடிவிட்டால் அது திரிபோல மெதுவாக எரியும், அந்தத் தாமதத்தில் குறி நகர்ந்துவிடும்.

படி 3: கன்னம் (என்னைக் கவிழ்த்த இடம்)

இந்தத் துப்பாக்கியில் குறிபார்க்க குழலின் முன்முனையில் ஒரு சின்ன மணி மட்டும்தான். பின் குறி கிடையாது. உண்மையில் பின் குறி இருக்கிறது, அது உங்கள் கண்.

கணக்கைப் பாருங்கள். என் கண்ணுக்கும் முன் மணிக்கும் நடுவே 1.2 மீட்டர். மான் நின்றது 30 மீட்டரில், அதாவது 25 மடங்கு. கண் ஒரு மில்லிமீட்டர் மேலே ஏறினால் அங்கே குண்டு இரண்டரை சென்டிமீட்டர் மேலே போகும். ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 25 சென்டிமீட்டர், முதுகுக்கு மேல்.

ஒரு சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது? பாதி, கழுத்தில் சுற்றியிருந்த கம்பளி மஃப்ளர். குளிருக்கு அதைக் கன்னம் வரை இழுத்துவிட்டிருந்தேன், அது துப்பாக்கிக் கட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் மெத்தைபோல உட்கார்ந்துவிட்டது. மீதி, மானை நன்றாகப் பார்க்க நானே தூக்கிய தலை. ரேஞ்சில் மஃப்ளரும் இல்லை, மானும் இல்லை.

இப்போது நான் செய்வது இதுதான். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் எலும்பு படும்வரை அழுத்துவேன். கண் திறந்தால் மணி குழலின் பின்முனைமேல் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் குழல் நீளமாகத் தெரிந்தால் தலை தூக்கியிருக்கிறது. தினம் இருபது முறை, காட்டுக்குப் போடும் அதே சட்டை, அதே கோட்டுடன். மஃப்ளரை வீட்டில் வைத்துவிட்டேன்.

படி 4: கண் சிமிட்டாமல் இருப்பது

விசையை அழுத்தியதும் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு நெருப்பு எழும், அப்புறம்தான் சத்தம். அந்த நொடித் துளிக்குள் உடம்பு தானாகப் பின்வாங்கும். இதற்குக் கருமருந்து போடாமல் செய்யும் பயிற்சிதான் வழி. கல்லின் அளவுக்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கி, கல்லுக்குப் பதில் மாட்டுங்கள். துப்பாக்கி காலி என்று கோலை இறக்கிப் பார்த்துவிட்டு, சுவரில் ஒரு புள்ளியைக் குறிபாருங்கள். குதிரை (கல்லைப் பிடித்திருக்கும் சுத்தி) விழுந்த பிறகும் மணி புள்ளியிலேயே நிற்க வேண்டும். மனசுக்குள் 'ஒன்று, இரண்டு' எண்ணிவிட்டுத் தலையைத் தூக்குங்கள்.

ரேஞ்சில் கிண்ணம் எரிந்தும் குண்டு போகவில்லையா? குழலை இலக்கின் பக்கமே வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். அவசரப்பட்டுத் திருப்பாதீர்கள்.

படி 5: தட்டுப் பரீட்சை

ஐந்து குண்டுகளின் கூட்டம் எவ்வளவு சின்னது என்பதை விடுங்கள். காட்டில் கிடைப்பது முதல் குண்டு மட்டும், அதுவும் குளிர்ந்த, சுத்தமான குழலில். அதனால் ஒரு நாளைக்கு ஒரே குண்டு. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, 20 சென்டிமீட்டர் காகிதத் தட்டில் சுடுங்கள். அதே தட்டை ஐந்து நாள் வையுங்கள். ஐந்தும் உள்ளே விழுந்த தூரம்தான் உங்கள் தூரம். என்னுடையது 38 கஜம். 45இல் ஒன்று வெளியே போனது, அதனால் 45 எனக்கு இல்லை.

பிற்சேர்க்கை 1: முதல் குண்டு மட்டும் எங்கோ போகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். விசாரித்தால், சுத்தம் செய்த எண்ணெய் குழலில் அப்படியே இருந்திருக்கிறது. கெட்டிக்கும் முன் ஆல்கஹால் நனைத்த துணியை ஒரு தடவையும் உலர்ந்ததை இரண்டு தடவையும் விடுங்கள்.

பிற்சேர்க்கை 2: பனித்தூறலில் கிண்ணத்து மருந்து கூழாகிவிடுகிறதாம். எரிந்த கரி ஈரத்தை இழுக்கும், ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைத் துடையுங்கள். பூட்டின்மேல் (குதிரையும் கிண்ணமும் இருக்கும் பகுதி) மெழுகு தேய்த்த தோலுறை ஒன்று கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் மருந்தை மாற்றுங்கள்.

பிற்சேர்க்கை 3: இடக்கைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். வலப்பக்கப் பூட்டு உள்ளதை இடத் தோளில் வைத்தால் நெருப்பு உங்கள் மூக்கருகே எழும். சுடலாம், ஆனால் கண்ணாடி பக்கவாட்டிலும் மூடியதாக இருக்கட்டும். இடப்பூட்டுத் துப்பாக்கியும் கிடைக்கிறது. எது வாங்கினாலும் துளை இருக்கும் பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள். அங்கிருந்து பீய்ச்சும் தீ ஒரு நல்ல கோட்டில் ஓட்டை போட்டதை நானே பார்த்திருக்கிறேன். கோட்டு என் மைத்துனருடையது.