வெளிச்சம் தேயும் தூரம்: கேம் எஞ்சினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவுக் காட்சியில் வெளிச்சம் காணாது என்றால் பலரும் முதலில் கை வைப்பது லைட்டின் ரேஞ்சில், அதாவது அதன் வெளிச்சம் எட்டும் தூரத்தில். கூடிப்போனாலும் அதையே குறைக்கிறார்கள். கொழும்பில் கேம் செய்யப் பழகும் பிள்ளைகளின் வேலைகளில் நான் அதிகம் காணும் தவறு இதுதான். வேறு பல தவறுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு நேர்மாறு வர்க்க விதி நினைவிருக்கும்: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். இந்த விதிப்படி வெளிச்சம் எவ்வளவு தூரம் போனாலும் பூச்சியமாவதில்லை. ஆனால் எல்லா லைட்டையும் திரையின் எல்லாப் பிக்சலுக்கும் (புள்ளிக்கும்) கணக்கிட்டால், படத்தை வரையும் சிப்பான ஜிபியு தாங்காது. கணக்கை எங்கே நிறுத்தலாம் என்று, கேமை இயக்கும் மென்பொருளான எஞ்சினுக்குச் சொல்லும் எண்தான் ரேஞ்ச். அந்த எல்லையில் வெளிச்சம் வெட்டினாற்போல் நிற்காமலிருக்க, அதை மெல்ல இறக்கும் ஒரு பெருக்கியும் சேர்க்கப்படுகிறது. அன்ரியல் 4 என்ற எஞ்சினில் இந்தப் பெருக்கிக்கான சூத்திரத்தை, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் காரிஸ் 2013-இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் விளக்கினார். தூரத்தை ரேஞ்சால் வகுத்து, நாலாம் அடுக்குக்கு உயர்த்தி, ஒன்றிலிருந்து கழித்து, வருவதை வர்க்கிக்க வேண்டும்.

காலிமுகத்திடலில் ஒரு இஸ்ஸோ வடை (இறால் வடை) வண்டியை அமைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தொங்குவது 800 லூமென் (குமிழ் வீசும் மொத்த ஒளியின் அலகு) மின்குமிழ். அது எல்லாப் பக்கமும் சமமாக ஒளி வீசினால் ஏறத்தாழ 64 கண்டெலா (ஒரு திசையில் போகும் ஒளியின் அலகு). ஒரு மீற்றரில் 64 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு), இரண்டு மீற்றரில் 16, நாலு மீற்றரில் 4, எட்டு மீற்றரில் 1. ரேஞ்ச் 20 மீற்றர் என்றால், எட்டு மீற்றரில் நிற்கும் ஆளுக்கு அந்த ஒரு லக்ஸில் 95 சதவீதம் கிடைக்கும். ரேஞ்சைப் பத்தாகக் குறைத்தால் 35 சதவீதம்தான். குமிழ் அதேதான், ஆனால் தள்ளி நிற்பவர் இருட்டுக்குள் போய்விட்டார். சரி, வெளிச்சத்தைக் கூட்டுவோம் என்று இன்டென்சிட்டியை, அதாவது லைட்டின் பலத்தை, மூன்று மடங்காக்கினால், குமிழுக்கு அரை மீற்றர் கீழே இருக்கும் வடைத் தட்டு 250 லக்ஸிலிருந்து 750-க்கு ஏறி வெள்ளையாய் எரிந்துபோகும். வடையின் மேலிருக்கும் இறாலின் நிறமே தெரியாது.

ஆகவே இன்டென்சிட்டியை உண்மையான குமிழின் அளவில் வையுங்கள். வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துபோகும் தூரத்துக்கு அப்பால் ரேஞ்சை வையுங்கள். முழுக்காட்சியும் இருட்டாக இருந்தால் எக்ஸ்போஷரை (கமரா உள்வாங்கும் வெளிச்சத்தின் அளவை) தொடுங்கள். அதற்கு முன் தானியங்கி எக்ஸ்போஷரை நிறுத்திவிட வேண்டும். அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் செய்யும் மாற்றத்தை அது ஈடுகட்டிக்கொண்டே இருக்கும், எதையும் மதிப்பிட முடியாது.

தேயும் வேகத்தை மாற்றுவது அடுத்த சிக்கல். அன்ரியலில் நேர்மாறு வர்க்கத் தேய்வை நிறுத்தினால் வெளிச்சம் எவ்வளவு வேகமாகத் தேயும் என்பதைச் சொல்லும் அடுக்கு எண்ணை இஷ்டத்துக்கு மாற்றலாம். ஆனால் அப்போது லூமென், கண்டெலா அலகுகள் பொருந்தாது, இன்டென்சிட்டி வெறும் எண்ணாகிவிடும். கார்ட்டூன் பாணிக்கு அது சரி. நிஜமான தெருவைக் காட்டும் காட்சிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடோ 4 என்ற எஞ்சினில், எல்லாப் பக்கமும் வீசும் ஓம்னி லைட்டின் அட்டெனுவேஷன் (தேய்வு எண்) 1 என்றே வரும், பௌதிக விதிக்கு அதை 2 ஆக்க வேண்டும். யூனிட்டி எஞ்சினில் காட்சியை வரையும் பழைய முறையான பில்ட்-இன் பைப்லைனின் தேய்வும், புதிய முறையான யூஆர்பியின் தேய்வும் வேறு வேறு. பழையதிலிருந்து புதியதுக்குப் புரொஜெக்டை மாற்றினால் லைட்டுகளை ஒவ்வொன்றாகத் திருத்தத்தான் வேண்டும், குறுக்கு வழி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

யூனிட்டியில் கலர் ஸ்பேஸ் (நிறங்களைக் கணக்கிடும் முறை) லீனியரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். காமா என்ற மற்ற முறையில் இருந்தால், நாலில் ஒன்றாக வேண்டிய வெளிச்சம் திரையில் இருபதில் ஒன்றாகத் தெரியும். தேய்வு எண்ணை எவ்வளவு மாற்றினாலும் அது சரிவராது.

மொடலின் அளவும் இப்படித்தான் ஏமாற்றும். அன்ரியலில் ஒரு அலகு ஒரு சென்றிமீற்றர், யூனிட்டியிலும் கோடோவிலும் ஒரு மீற்றர். வண்டி பத்து மடங்கு பெரிதாக உள்ளே வந்திருந்தால், அதே குமிழின் வெளிச்சம் தட்டில் நூறில் ஒன்றாகத்தான் விழும். லைட்டைக் குறை சொல்வதற்கு முன் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உயர மொடலை நிறுத்திப் பாருங்கள்.

அப்புறம் வெசாக் பண்டிகைக்குத் தொங்கவிடும் காகித விளக்குக் கூடுகள். பேரை வாவிக் கரையில் நூறு கூடு தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட் லைட் (எல்லாப் பக்கமும் வீசும் லைட்), ஒவ்வொன்றுக்கும் தாராளமான ரேஞ்ச் என்றால் ஃபிரேம் ரேட் (விநாடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை) விழுந்துவிடும். அன்ரியலில் நிழல் விழுத்தும் ஸ்டேஷனரி (இடம் மாறாத) லைட்டுகள் ஒரே இடத்தில் நாலுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படக்கூடாது. படுகிறதா இல்லையா என்பதை ரேஞ்ச்தான் முடிவு செய்கிறது. ரேஞ்சைக் குறைக்கச் சரியான இடம் இதுதான். கூட்டின் காகிதத்துக்குத் தானே ஒளிரும் மெட்டீரியல் கொடுங்கள், பத்துப் பன்னிரண்டு கூடுகளுக்கு ஒரு நிழலில்லாத லைட் போதும்.